உலை ஆயிரத்து நாற்பத்தாறு காட்டிய மாலை

நான் தினமும் எழுதுகிறவன். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு நின்றது, நாமக்கல் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம், பால்காரர் என்றைக்கு வரவில்லை, எந்தப் புத்தகத்தை எந்தத் தேதியில் படித்து முடித்தேன் என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கும். பெரும்பாலும் யாருக்கும் பயன்படாத செய்திகள். ஒரே ஒரு பக்கம் மட்டும் ஒருவருக்கு மிகவும் தேவைப்பட்டது. ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றின் பக்கம் அது. நான்கு மாதங்கள் அதைக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

எங்கள் கல்லூரி நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் இயற்பியல் ஆசிரியர். வளாகத்திலேயே குடியிருப்பு. துறையின் பின்கட்டில் ஒரு சிறிய மின் உலை உண்டு. அதில் ஒரு கறுப்பு வில்லையைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

உயர் வெப்பநிலை மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் வருமே, அதுதான். இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றின் சேர்மங்களையும் சரியான எடையில் கலந்து, அரைத்து, சுட்டு, மறுபடி அரைத்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு அழுத்தி, தொள்ளாயிரத்து நாற்பது டிகிரியில் ஓர் இரவு வேகவைத்து, ஆக்சிஜன் விட்டு மெதுவாக ஆறவைக்க வேண்டும். பிறகு திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால் அதன் மின்தடை ஒரே வீழ்ச்சியாக இல்லாமல் போகும். என் வில்லையின் வீழ்ச்சி அவ்வளவு செங்குத்து. அந்த வரைபடத்தைச் சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் வீதம் நான்கு முறை அரைத்தது நான். எடையை நான்காவது தசம இடம் வரை பார்த்ததும் நான்.

அதற்கு மறு வருடம் அவர் எங்கள் துறைக்கு ஆசிரியையாக வந்து சேர்ந்தார். என்னைவிடப் பதினொரு வயது இளையவர். எருமப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். திருமணமாகி ஒரு பெண் குழந்தை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். தலைப்பும் இதே மீக்கடத்திதான். ஆகவே உலையை இரண்டு பேர் பங்குபோட வேண்டியதாயிற்று.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். எடையைப் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் குறிப்பார். மூன்றாவது தசமத்தோடு நிறுத்திக்கொள்வார். உலையின் கட்டுப்பாட்டுப் பெட்டி முரண்டு பிடித்தால், மாட்டைத் தட்டுவதுபோல் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அது உடனே கேட்கும். நான் தொட்டால் கேட்காது.

மாணவர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். நான் ஆத்தூர்க்காரன். இந்தப் பக்கம் வந்து எத்தனை வருடமானாலும் இவர்களுடைய ‘ங்க’ என் நாக்கில் உட்காரவில்லை. அவர் அவர்கள் பேச்சிலேயே பாடம் நடத்தினார். என் வகுப்பில் நிலவும் அமைதியை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் வகுப்பிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அது வேறு என்னவோ என்று சந்தேகம் வந்தது.

எல்லாவற்றையும்விட நைட்ரஜன். திரவ நைட்ரஜனுக்கு நான் கோயம்புத்தூருக்குக் கடிதம் எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, பருவத்துக்கு ஒரு முறை ஒரு குடுவை வரவழைப்பேன். அவர் வந்த இரண்டாவது வாரம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய பெரியப்பா மகன் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். காளை விந்தை உறைய வைக்கும் குடுவையில் எந்நேரமும் திரவ நைட்ரஜன்தான். அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் அந்த அண்ணன் பைக்கின் பின்னால் ஓர் அலுமினியக் குடுவையைக் கட்டிக்கொண்டு வந்து, சாவகாசமாக ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் நாள் என்னிடமும் ஒரு வார்த்தை சொன்னார்.

“இது சினை நிக்காத மாட்டுக்கு வெச்சிருந்ததுங்க சார். உங்க கல்லு சினையானா எனக்கும் ஒரு கண்ணுக்குட்டி குடுக்கோணும்.”

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைய குறிப்பில் ‘நைட்ரஜன் வந்தது, நான்கு லிட்டர்’ என்று மட்டும் எழுதினேன்.

வீட்டிலும் இதே பேச்சாக இருந்திருக்கிறேன் போல. “அந்தப் பொண்ணப் பத்திப் பேசாம ஒரு நாளாவது சோறு சாப்பிடறீங்களா?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். பொறாமை என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையிலேயே அவர் தன் வில்லையை உலையில் வைத்திருந்தார். அவருக்கு ஐந்து நாற்பது பேருந்து. வளாகத்தில் இருப்பவன் நான் என்பதால், மாலையில் உலையை ஒரு முறை பார்ப்பது என் பொறுப்பு. இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. என் வில்லைகளுக்குக் காலையில் அவர் பார்ப்பார். பையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

“ஏனுங்க சார், ஆறு மணிக்கு ஒருக்கா எட்டிப் பாருங்க. தொள்ளாயிரத்து நாப்பதுல நிக்கோணும். தாண்டுச்சுன்னா அமத்திப்போட்டு எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வாரேன்.”

ஆறு பத்துக்குப் போனேன். உலையின் முகப்பில் சிவப்பு எழுத்தில் 1046 என்று நின்றது.

மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்க வேண்டிய ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டது. இடைவிடாமல் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வெப்பத்தில் வில்லை வேகாது, உருகும். உருகினால் பச்சை நிறத்தில் வேறொரு பொருள் பிரிந்துவிடும். இது எனக்குத் தெரியும். பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. போன் சட்டைப் பையில் இருந்தது.

எத்தனை நேரம் நின்றேன் என்று எழுதி வைக்கவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வாசல் கடைக்குப் போய் டீ குடித்தேன். அவருடைய வேலை ஒரு முறை கெட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்தேன். கவனக்குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியட்டும் என்றும் நினைத்தேன். கவனக்குறைவு அவருடையதல்ல. அதுவும் தெரிந்தேதான் அப்படி நினைத்தேன்.

சாப்பிட்ட பிறகு ஏழு நாற்பதுக்கு மறுபடி போனேன். 1039. விடிகாலை நடைக்குப் போகும்போது ஐந்தரைக்கு எட்டிப் பார்த்தேன். 979. அது ஏன் அப்படி இறங்கியது என்று பிறகு புரிந்தது. மாலைக்கு மேல் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் வருகிற முறை அந்த வாரம். கிணற்று மோட்டார்களும் ஆழ்துளை மோட்டார்களும் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்க, எங்கள் பக்கத்து மின்னழுத்தம் சிறுகச் சிறுகச் சரியும். கட்டுப்பாடு இல்லாத உலை அந்தச் சரிவைப் பின்பற்றி, மணிக்கு ஐந்தாறு டிகிரி வீதம் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று எண்களையும் என் நாட்குறிப்பில் எழுதினேன். டீக்கும் பால்காரருக்கும் இடையில். எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடிந்ததும் மோட்டார்கள் கூடி இன்னும் வேகமாக இறங்கியிருக்க வேண்டும்; காலை எட்டே முக்காலுக்கு அவர் வந்தபோது உலை 943 காட்டியது. பெட்டியை வழக்கம்போல் இரண்டு தட்டு தட்டினார். ரிலே விடுபட்டது. ஒரு தடயமும் மிச்சமில்லை. ஆக்சிஜனைத் திறந்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

வில்லை வெளியே வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு பக்கம் சரிந்து, தட்டோடு ஒட்டி, ஓரத்தில் பச்சை. அவர் அதைப் பெயர்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“உருகிப் போச்சாட்டம் இருக்குதுங்களே. சார், ஆறு மணிக்கு எவ்வளவு இருந்துச்சு?”

“நாற்பதுதான்,” என்றேன். “தொள்ளாயிரத்து நாற்பது.”

அவர் தலையாட்டிக்கொண்டார். என் எண் தவறும் என்று அந்தக் கல்லூரியில் யாரும் நினைக்க மாட்டார்கள். “அப்ப எடையிலதான் எங்கியோ கோட்ட உட்டிருக்கறேன்,” என்று தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்த புதன்கிழமை அண்ணன் குடுவையோடு வந்தார். எறிவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் தன் சரிந்த வில்லையைத் தெர்மாகோல் கிண்ணத்தில் வைத்தார். அதன்மேல் ஓர் அட்டைத் துண்டு, அட்டைமேல் சட்டைப் பொத்தான் அளவு காந்தம். நைட்ரஜனை ஊற்றினார். புகை அடங்கியது. அட்டையை உருவினார். காந்தம் அந்தரத்தில் நின்றது.

அதுவரை எனக்கும் புதிதல்ல. என் வில்லையின் மேலும் காந்தம் மிதக்கும், புளியங்கொட்டை அளவுக் காந்தம். விரலால் தொட்டால் வழுக்கி ஓடிவிடும். ஆனால் அவர் இடுக்கியால் வில்லையைப் பிடித்துக் கிண்ணத்திலிருந்து தூக்கித் தலைகீழாகத் திருப்பினார். காந்தம் விழவில்லை. வில்லைக்குக் கீழே, தொடாமல், அதே இடைவெளியில் தொங்கியது. பிள்ளைகள் மேசையை நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஏஞ்சாமி, இதுக்கு என்ன கயிறு கட்டியிருக்குது?”

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். இந்த வகைப் பொருளுக்குள் காந்தப்புலம் மெல்லிய இழைகளாக நுழைகிறது. ஒவ்வோர் இழையைச் சுற்றியும் மின்னோட்டம் ஒரு சுழலாக ஓடுகிறது. குறையில்லாத, ஒரே சீரான பொருளில் அந்தச் சுழல்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. மொட்டைக் காட்டில் விட்ட மேச்சேரி ஆடுகளைப்போல் லேசாக அதட்டினாலே நகர்ந்துவிடும். பொருளுக்குள் அங்கங்கே பழுது இருந்தால், ஒவ்வொரு சுழலும் ஒரு பழுதில் மாட்டிக்கொள்ளும். ஆட்டுக்கு ஆடு முளைக்குச்சி அடித்ததுபோல. அப்போது காந்தத்தை எந்தப் பக்கமும் நகர விடாது. உருகிய வில்லை மிக மெதுவாக ஆறும்போது கறுப்புப் படிகம் பெரிதாக வளர்ந்து, பச்சைத் துணுக்குகளைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது. அந்தத் துணுக்குகளும் அவற்றைச் சுற்றியுள்ள பிசகுகளும்தான் முளைக்குச்சிகள். நான் அரைத்து அரைத்து நீக்கிய அழுக்குதான் அங்கே பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்தது.

அன்று இரண்டு முறை கை கழுவினேன்.

அவருடைய ஆய்வு நெறியாளர் காந்தம் தொங்கும் படத்தைப் பார்த்துவிட்டு உற்சாகமானார். ஆனால் ஒரு வில்லை தற்செயல், இரண்டாவது வந்தால்தான் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் நிற்கும் என்று சொல்லிவிட்டார். அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு இல்லை. ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்த காலக்கெடு பங்குனியோடு முடிகிறது. இதையெல்லாம் அவர் மறைக்காமல் என்னிடம்தான் சொன்னார்.

கார்த்திகையில் இரண்டு வில்லை. மார்கழியில் இரண்டு. என் பொய்யை நம்பி, எடையில்தான் ரகசியம் இருக்கிறது என்று விகிதங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். வெப்பநிலையைத் தொடவே இல்லை. எதிலும் காந்தம் தலைகீழாகத் தொங்கவில்லை. ஒவ்வொரு தோல்வியையும் தேதியிட்டு எழுதினேன். எழுதும்போது எனக்குள் ஓர் இளைப்பாறல் இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மார்கழிக் கடைசியில் துறைத்தலைவர் என்னைத் தனியாக அழைத்து, அந்த முதல் வில்லை இங்கே செய்ததுதானா என்று கேட்டார். யாரோ ஏதோ சொல்லியிருந்தார்கள். இங்கேதான் செய்தார், உலையில் வைத்ததை நானே பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். “அப்படிப்பட்டது விலைக்கும் கிடைக்கிறது சார்,” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அந்த நாட்களில் இணையத்தில் மேலும் படித்துக்கொண்டிருந்தேன். என் வில்லையின் பக்கம் நியாயம் தேடித்தான். கிடைத்தது வேறு. இந்தக் குடும்பத்துப் பொருட்களில், குறிப்பாக பிஸ்மத் கலந்தவற்றில், எவ்வளவு அக்கறையாக வளர்த்த படிகத்தையும் நுண்ணிய ஊசிமுனை கொண்டு இடம் இடமாகத் தடவிப் பார்த்தால் அது சீராக இல்லையாம். சில அணுக்கள் அகலத்துக்கு ஓர் இடம் வலுவாக, பக்கத்து இடம் மெலிவாக, எலெக்ட்ரான்கள் திட்டுத்திட்டாக இருக்கின்றன. அது செய்தவரின் பிழைதானா, அந்தப் பொருளின் இயல்பா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். சுவரில் இருந்த என் வரைபடத்தைப் பார்த்தேன். அந்தச் செங்குத்துக் கோடு ஓர் ஒட்டுமொத்தக் கணக்குதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தை மாதத்தில் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். “என்ற கை சரியில்லீங்க சார். இந்த ஒருக்கா நீங்க எடை போட்டுக் குடுங்க.” போட்டுக் கொடுத்தேன். நான்காவது தசமம் வரை. அந்த வில்லை அழகாக வந்தது. காந்தம் அதன்மேல் மிதந்து, தொட்டதும் வழுக்கி ஓடியது. என் வில்லையின் உடன்பிறப்பு.

மாசி முதல் திங்கட்கிழமை, மதிய இடைவேளையில், ஒரு வெள்ளைத்தாளோடு என் மேசைக்கு வந்தார். பதிவை விலக்கிக்கொள்வதாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். “உங்களுக்குத்தான் நல்லா எழுத வருமுங்க,” என்றார். முகத்தில் அழுகை எதுவும் இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்.

நான் எழுதத் தொடங்கினேன். பெறுநர், பொருள், வணக்கம். காரணம் என்ற இடம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘முதல் மாதிரி, எடை போட்டதில் நேர்ந்த என் பிழையால் தற்செயலாக...’

அதற்கு மேல் என் பேனா போகவில்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்போது எனக்கு வந்தது இரக்கமல்ல. இத்தனை வருடம் எழுதியதில், தெரிந்தே ஒரு தவறான செய்தியை என் கையெழுத்தில் எழுதியதில்லை. பொய்யை வாயால் சொன்னேன், நோட்டில் எழுதவில்லை. இப்போது என் கையெழுத்திலேயே அந்தப் பொய் ஓர் அலுவலகக் கோப்புக்குள் போகப்போகிறது. அந்த அற்பப் பெருமைதான் என்னை நிறுத்தியது.

“எடையை விடுங்கள்,” என்றேன். “வெப்பநிலையை ஏற்றிப் பாருங்கள்.”

“எவ்வளவுக்குங்க?”

“ஆயிரத்து நாற்பத்தாறு.”

அவர் என்னைப் பார்த்தார். ஆயிரத்து ஐம்பது என்று சொல்லியிருந்தால் அது யோசனை. நாற்பத்தாறை யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

“நாப்பத்தாறா,” என்றார் மெதுவாக. “நீங்க பாத்தீங்க.”

“ஆமாம்.”

“எழுதி வெச்சிருக்கீங்க.”

“ஆமாம்.”

“எடுத்துட்டு வாங்க.”

குடியிருப்புக்குப் போய் நோட்டைக் கொண்டுவந்தேன். அவர் நின்றுகொண்டே அந்தப் பக்கத்தைப் படித்தார். டீ, 1046, 1039, 979, பால் வரவில்லை. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு நோட்டை மூடாமல், விரலை உள்ளே வைத்தபடியே கேட்டார்.

“மத்த பக்கத்துலயும் என்னப் பத்தி இருக்குதுங்களா?”

“இருக்கிறது.”

“நல்லதா?”

நான் நோட்டுக்குக் கை நீட்டினேன். அவர் விரலை எடுத்துவிட்டு நோட்டை என்னிடம் கொடுத்தார். புரட்டவில்லை. பாதி எழுதிய கடிதத்தை நான்காக மடித்து, பேருந்துச் சீட்டுகள் வைக்கும் பர்ஸில் சொருகிக்கொண்டார்.

“நாலு மாசமுங்க சார்,” என்றார். “எம்புள்ள காச்சல்ல கெடந்தப்பக்கூட இங்க வந்து அரைச்சேன்.”

அவ்வளவுதான். திட்டவில்லை. துறைத்தலைவரிடமும் போகவில்லை. மறுநாள் காலையில் என் மேசையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு உலை தயாராக இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறைக்க வேண்டும், ஸ்டூல் போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தது. கேட்டிருக்கவில்லை. சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை ஐந்து மணியிலிருந்து மாலை நான்கு வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு டிகிரி, பத்து நிமிடம். ஒரு டிகிரி, பத்து நிமிடம். அறுபத்தாறு வரிகள் எழுதினேன். அவர் எதிரில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு எனக்கும் சேர்த்து டீ வரவழைத்தார். பிழை நேராமல் குறைத்துக்கொண்டே வந்த அதே கையின் சொந்தக்காரன், இது வராமல் போனால் நன்றாக இருக்கும் என்று ஓரிரு தடவை நினைத்தும்கொண்டான். நாற்பத்தெட்டாவது வரிக்குப் பக்கத்தில் அதையும் குறித்திருக்கிறேன்.

வில்லை வெளியே வந்து, அடுத்த வாரம் முழுக்க ஆக்சிஜனில் இருந்து, புதன்கிழமை அண்ணனின் குடுவைக்குக் காத்திருந்தது. நைட்ரஜனை அவரே ஊற்றினார். இடுக்கியால் தூக்கித் திருப்பினார். காந்தம் கீழே தொங்கியது, முதல் வில்லையில் தொங்கியதைவிட உறுதியாக.

ஆய்வேடு பங்குனிக்குள் போய்ச் சேர்ந்தது. செய்முறைப் பகுதியில், முதல் மாதிரியின் வெப்பநிலைத் தரவுகள் சக ஆசிரியர் ஒருவரின் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத் துறைத்தலைவர் ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். இப்படிப் பதிவு செய்கிறவர்கள் இருந்தால்தான் அறிவியல் வளரும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆய்வேட்டை எழுதிய அவரும் தட்டினார், என்னைப் பார்த்தபடியே. பாராட்டு முடிந்ததும், முதல் வில்லை இங்கே செய்ததுதான், எனக்கு அது அன்றைக்கே தெரியும் என்று எழுந்து நின்று சொன்னேன். துறைத்தலைவருக்கு ஏன் சொல்கிறேன் என்று புரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் புரிந்தது.

சுவரில் இப்போது இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் காந்தம் தொங்கும் அவருடைய படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். இன்னும் அதைக் கடக்கும்போது என் நடை கொஞ்சம் மாறுகிறது.

இரண்டாவது வில்லையில் காந்தம் தொங்கிய அந்தப் புதன்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, அவர் வில்லையை மறுபடி குளிரவைத்துத் திருப்பி, இடுக்கியை என் கையில் கொடுத்தார். “தொட்டுப் பாருங்க,” என்றார்.

தொங்கிக்கொண்டிருந்த காந்தத்தை ஒரு விரலால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்தது. விரலை எடுத்தேன். பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

“வருதுங்களா?”

“வருகிறது,” என்றேன்.

மணி நான்கு இருபது. எழுதிக்கொண்டேன்.